காற்றோட்டப் பையா, வலைப் பையா, சாக்கா, கூடையா: ஒரு தொன் வெங்காயத்துக்கான கணக்கு

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயம் கிண்டும் காலம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் உற்பத்தியாளர் சங்கத்தில் ஒரே கேள்வி எழுகிறது: இம்முறை எந்தப் பை வாங்குவது? சங்கத்தின் கொள்வனவுக் கணக்கைப் பார்ப்பவன் என்ற முறையில், பல போகங்களாக நான்கு வகைப் பொதிகளை ஒப்பிட்டு வருகிறேன். அவை, காற்றோட்ட இடைவெளிகளோடு நெய்யப்பட்ட, பட்டிகளில் மாட்டிப் பொறியால் தூக்கும் பெரிய ஜம்போ பை, 25 கிலோ கொள்ளும் லெனோ வலைப் பை, சணல் சாக்கு, பிளாஸ்ரிக் கூடை என்பன. பழைய உரப்பையை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. அது சும்மா கிடைத்தாலும் நெசவு நெருக்கமானது. உள்ளே வியர்த்த வெங்காயத்தின் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் தங்கி, விரைவிலேயே கரும்பூஞ்சணத்துக்கு இடம் கொடுத்துவிடும்.

பைக்கு இத்தனை ரூபாய் என்று விலைமனுவில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து இந்த நான்கையும் ஒப்பிட முடியாது. ஒரு தொன் வெங்காயத்தைப் பொதி செய்ய எவ்வளவு மூலப்பொருள் தேவைப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு வலைப் பை ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ளது. தொன்னுக்கு 40 பை என்றால் 1.6 கிலோ பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக். அரைத் தொன் கொள்ளும் ஜம்போ பை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. தொன்னுக்கு இரண்டு பை, 3 கிலோ. 50 கிலோ சணல் சாக்கு முக்கால் கிலோவை எட்டும் என்பதால் 20 சாக்குக்கு 15 கிலோ வரை ஆகிறது. கூடையோ ஒன்றே இரண்டு கிலோவுக்குக் கிட்ட நிற்கும். தொன்னுக்கு 40 முதல் 50 கூடை வேண்டும் என்பதால், 80 கிலோவுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக்கை நாம் வாங்குகிறோம். வலைப் பை ஒரு பயணத்தோடு முடிந்துவிடுகிறது, கூடை நூறு பயணம் தாங்கலாம், ஜம்போ பை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அது எந்த இடத்தில் நிற்கும் என்பதை வாங்கும் நாளில் நாம் எழுதிக்கொடுக்கும் விவரங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஜம்போ பையின் விலை எங்கே ஏறுகிறது

குப்பிளானைச் சேர்ந்த முதிய தோட்டக்காரர் ஒருவர் மாதிரிப் பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு இடைவெளி விட்டு நெய்தால் நூல் மிச்சந்தானே, பிறகேன் சாதாரணப் பையை விட இது விலை கூட?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இடைவெளி விட்ட இடத்தில், துணியை நெய்யும் பிளாஸ்ரிக் நாடா குறைவது உண்மை. ஆனால் அந்த இடத்தில் குறைந்த பலத்தை ஈடு செய்வதற்காக, இடைவெளிகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓடும் நாடாக்களைத் தடிப்பாக்கியோ இரட்டையாக்கியோ நெய்கிறார்கள். நாடாக்கள் இடம் நழுவாமல் இருக்கத் தறியையும் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. எனவே மூலப்பொருளில் மிஞ்சுவதை உழைப்பும் நேரமும் தின்றுவிடுகின்றன. பை முழுவதையும் காற்றோட்டத் துணியால் தைக்காமல், சாதாரணத் துணிக்கு நடுவே காற்றோட்டப் பட்டைகள் மட்டும் ஓடுமாறு செய்தால் விலை சற்று இறங்கும். ஆயினும் மாரிக்கு முன்பின்னாக ஈரப்பதம் ஏறிய காலத்தில், பட்டை ஓடாத பக்கத்தில் கிடக்கும் வெங்காயம்தான் முதலில் இளகுகிறது.

அடுத்தது அளவு. எங்களுக்கு அதிகச் செலவு வைத்த தவறு இதில்தான் நடந்தது. "ஒரு தொன் பை" என்று விலைமனுவில் எழுதியிருந்தால், அதற்குள் ஒரு தொன் வெங்காயம் அடங்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். 90 சதமமீற்றர் நீள அகலமும் 110 சதமமீற்றர் உயரமும் கொண்ட பையின் கொள்ளளவு ஒரு கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மணலோ சீமெந்தோ என்றால் அதில் ஒரு தொன் தாராளமாக அடங்கும். வெங்காயம் குமிழ்களுக்கிடையே காற்றை வைத்துக்கொண்டு கிடப்பதால், ஏறத்தாழ அரைத் தொன்னோடு பை நிரம்பிவிடும். ஒரு தொன்னுக்குரிய துணித் தடிப்புக்கும் தூக்குப் பட்டிக்கும் விலை கொடுத்துவிட்டு, அரைத் தொன்னைத்தான் தூக்குகிறோம். இப்போது நான் கனவளவை முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து எடையைப் பெற்று, அதற்குப் பொருந்தும் துணியை மட்டும் கேட்கிறேன். துணியின் தடிப்பை ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். இவ்வகைப் பைகளில் அது பெரும்பாலும் 140 முதல் 200 கிராம் வரை இருக்கும். பையின் விலையில் மூலப்பொருளே பெரும்பங்கு என்பதால், இந்த எண்ணில் 20 கிராம் குறைந்தாலும் விலையில் தெரியும். சில உற்பத்தியாளர்கள் சுண்ணாம்புத் தூளைக் கூடுதலாகக் கலந்து எடையைச் சரிக்கட்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாடா கைக்குச் சொரசொரப்பாக இருக்கும், மடித்தால் நெரியும்.

பாதுகாப்பு விகிதத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 5:1 என்றால், குறிப்பிட்ட சுமையைப் போல் ஐந்து மடங்கை அந்தப் பை சோதனையில் தாங்கியிருக்க வேண்டும். அது ஒருமுறைப் பயன்பாட்டுக்கு உரியது. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதானால் 6:1 வேண்டும், அதன் விலையும் கூட. விலையைக் குறைக்க 5:1 பையை வாங்கி மூன்று போகம் ஓட்டுகிற வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் அந்தப் பைக்குக் கீழே ஆள் நிற்கிறான்.

தூக்கும்போது பை அறுந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் கற்றோம். சில போகங்களுக்கு முன், புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்ததா என்று உறுதிப்படுத்தாமல், சில வீதம் மலிவு என்பதற்காக ஒரு வியாபாரியிடம் பைகளை வாங்கி, நிரப்பி, கொட்டிலுக்கு வெளியே சீமெந்துத் தளத்தில் வைத்திருந்தோம். இரண்டு மாத யாழ்ப்பாண வெயில் அவற்றின் மேல் விழுந்தது. பிறகு சங்கிலிக் கப்பியால் ஒரு பையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தியபோது, தூக்குப் பட்டிகளில் ஒன்று சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. பை சரிந்து, அரைத் தொன் வெங்காயம் தளமெங்கும் உருண்டது. அறுந்த முனையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தேன். நூல் வெள்ளைத் தூளாக விரலில் ஒட்டியது. ஒருவருக்கும் காயமில்லை என்பதை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். அந்தச் சேர்மானம் பையின் எடையில் மிகச் சிறிய பங்கு. எத்தனை மணி நேரக் கதிருக்குச் சோதிக்கப்பட்டது என்ற சான்றோடு அதைக் கேட்டு வாங்குவதால் கூடும் தொகை, அன்று அடிபட்டு விலைபோகாத வெங்காயத்தின் பெறுமதிக்குக் கிட்டவும் வராது.

பையின் கீழ்வாய் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கீழே திறந்து கொட்டும் குழாய் தைப்பதற்குத் தனிக்கூலி உண்டு. ஆனால் அது இல்லாவிட்டால் பையை ஒவ்வொரு முறையும் கவிழ்க்கவோ அறுக்கவோ வேண்டிவரும், அறுத்த பை அதோடு சரி.

மற்ற மூன்றும்

லெனோ வலைப் பையின் சிறப்பு அதன் முறுக்கில் இருக்கிறது. இரண்டு பாவு நூல்கள் ஒன்றையொன்று சுற்றி ஊடு நூலைப் பூட்டிப் பிடிப்பதால், கண் பெரிதாக இருந்தும் நூல் விலகுவதில்லை. விலை குறைவு, 25 கிலோவை ஒருவர் தூக்கலாம், வாங்குபவர் உள்ளே இருப்பதைப் பார்த்தே விலை பேசலாம். மூடை தூக்கும் நாட்டாமைமாரின் கொக்கி பட்டால் கிழியும் என்பது குறை. சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்து கிலோ என்று கழிவு வெட்டப்படும் வழக்கத்தால் நொந்துபோயிருக்கும் தோட்டக்காரருக்கு, அழுகல் ஒளிந்திருக்கிறது என்ற சாட்டுக்கு இடமில்லாத வலைப் பை ஒரு வாதத்தையாவது கையில் கொடுக்கிறது.

சணல் சாக்கின் மேல் எனக்கு இன்னமும் மதிப்பு உண்டு. அது மூச்சு விடும், மக்கும், வெயிலுக்கு எளிதில் அஞ்சாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் நனைந்த சாக்கு உலரும்வரை வெங்காயத்துக்குப் பகை. வெறுஞ்சாக்கின் எடையும் நிறுவையில் சேர்வதால் தகராறு வருகிறது. இந்தியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வரவேண்டிய பொருள் என்பதால் விலையும் நம் கையில் இல்லை.

கூடையைப் பொறுத்தவரை, 2011 இறுதியில் மரக்கறிகளையும் பழங்களையும் பிளாஸ்ரிக் கூடைகளில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியபோது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். தக்காளிக்கும் பழத்துக்கும் கூடை நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் செலவு வெறுங்கூடை திரும்பி வரும் வழியில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மொத்தச் சந்தையான தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏ9 வீதியில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். திரும்பும் லொறி கூடைகளால் நிறைந்திருந்தால் வேறு சரக்குக் கூலி கிடைக்காது, கூடைகளை அங்கேயே விட்டால் அடுத்த கிழமை எண்ணிக்கை குறையும்.

பைக்கு வெளியே இருக்கும் செலவு

பொலிப்புரொப்பிலீன் குருணை இலங்கையில் உற்பத்தியாவதில்லை. உள்நாட்டில் நெய்த பையானாலும் அதன் மூலப்பொருள் மசகெண்ணெய் விலையோடும் டொலரோடும் கட்டுண்டது. 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ஐத் தாண்டியபோது, அதே பை அதே தரத்தில் வேறு விலைக்கு வந்தது. 2024 தை முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. சிறு தொகை வாங்குவோருக்கு இவற்றோடு கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஏற்றுக்கூலியும், அச்சு அடிப்பதானால் அச்சுப் பாளச் செலவும் சேரும். 200 பை எடுத்தாலும் 2,000 பை எடுத்தாலும் பாளம் ஒன்றுதான். ஆகவே இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்து, அச்சில்லாமல், ஒரே அளவில் வாங்குவதே எங்களுக்குக் கிடைத்த பெரிய சேமிப்பு.

ஜம்போ பைக்கு இன்னொரு மறைந்த செலவும் உண்டு: அதைத் தூக்கும் பொறி. நாலு பரப்பில், அதாவது ஏறத்தாழக் கால் ஏக்கரில், வெங்காயம் செய்பவரின் முழு விளைச்சலும் இரண்டு மூன்று பைக்குள் அடங்கிவிடும், ஆனால் நிரம்பிய பையை ஒழுங்கையிலிருந்து லொறிக்கு ஏற்ற அவரிடம் பாரந்தூக்கி இல்லை, இறக்கும் இடத்திலும் பெரும்பாலும் இல்லை. ஆகையால் காற்றோட்ட ஜம்போ பை சங்கத்தின் கொட்டிலுக்கு உரியது, வீதிக்கு வலைப் பையே போதும் என்பது என் முடிவு. கொட்டிலிலும் தாள் நன்றாகக் காய்ந்த வெங்காயம்தான் அதற்குள் போகவேண்டும். பையை அடியில் கட்டை வைத்து உயர்த்தி, பைகளுக்கிடையே ஒரு கையகலம் இடைவெளி விட வேண்டும். லொறியில் தறப்பாளை இறுக்கிக் கட்டிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காற்றோட்டமும் வேலை செய்யாது.

இப்போகத்துக்கு 90க்கு 90க்கு 110 அளவில், 6:1 விகிதத்தில், கதிர்ச் சோதனைச் சான்றோடு ஜம்போ பைகளைக் கேட்டு, ஒவ்வொரு பையின் எடையையும் விலைமனுவிலேயே எழுதித் தரச் சொன்னோம். கட்டு வந்து இறங்கியதும் பத்துப் பைகளைப் பிரித்தெடுத்து, வெங்காயம் நிறுக்கும் அதே தராசில் வைத்தோம். பத்துக்கும் சேர்த்து 600 கிராம் குறைவு. அந்த வித்தியாசத்துக்குரிய தொகையைக் கழித்துத் திருத்திய பட்டியல் வந்த பிறகே காசோலையில் கையெழுத்திட்டேன்.