அகதிக்கு முகாமா, நிலமா? கென்யாவும் உகாண்டாவும்

போருக்குத் தப்பி வருபவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் இந்த இரண்டு அண்டை நாடுகளும் வெவ்வேறு வழியில் போயின.

1991-ல் சோமாலியா சிதைந்தபோது கென்யாவின் தடாபில் முகாம்கள் எழுந்தன. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போக முடியாது. அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2013-ல் சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாதக் கும்பல் நைரோபியின் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தைத் தாக்கிய பிறகு, சோமாலி என்றாலே சந்தேகம். 2014 ஏப்ரலில் நைரோபியில் சோமாலிகள் அதிகம் வாழும் ஈஸ்ட்லீ பகுதியில் போலீசார் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைப் பிடித்து, கசரானி விளையாட்டரங்கில் அடைத்தார்கள். கென்யக் குடியுரிமை பெற்ற சோமாலிகளும் அதில் சிக்கினார்கள். ஒரு கும்பல் செய்த கொலைக்கு ஓர் இனமே பதில் சொல்ல வேண்டும் என்பது பச்சை அநியாயம். 2016-ல் தடாபையே மூடப்போவதாக அரசு அறிவித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

உகாண்டாவின் 2006 சட்டம் அகதிக்கு வேலை செய்யவும் நடமாடவும் உரிமை தருகிறது. 2016-ல் தொடங்கிய பிடிபிடி என்ற அகதிக் குடியிருப்பில் தென் சூடான் குடும்பங்களுக்குச் சிறு மனை கிடைத்தது. பள்ளியும் மருத்துவமனையும் ஊர்க்காரர்களுக்கும் பொது. ஒரே பெஞ்சில் படிக்கும் பிள்ளைகளிடம் அகதிகளைப் பற்றிய வதந்தி அவ்வளவு எளிதில் எடுபடாது என்று நம்புகிறேன். குறை உண்டு: மனை குடும்பத்துக்குப் போதாது, வெளிநாட்டு நிதி குறைந்தால் ரேஷனும் குறைகிறது. இருந்தும் உகாண்டா வழிதான் சரி என்பேன். இப்போது கென்யாவும் ஷிரிகா திட்டத்தின் மூலம் முகாம்களை ஊர்களாக மாற்றப் பார்க்கிறது. நடமாட்டத் தடை நீங்காமல் அது நடக்காது.