மாடலிலிருந்து கோட்டுப்படம்: ஃப்ரீஸ்டைல், லைன் ஆர்ட், டெக்டிரா – நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவந்தவை

முப்பரிமாண மாடலிலிருந்து எடுத்த எஸ்விஜி (வெக்டர் படக் கோப்பு) உண்மையிலேயே திருத்தக்கூடியதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் திறந்து, ஏதாவது ஒரு துளையின் வட்டத்தைச் சொடுக்குங்கள். முழு வட்டமும் ஒரே பாத்தாக (தொடர்கோடாக) தேர்வானால் நல்லது. ஏழெட்டுத் துண்டாக உடைந்திருந்தாலோ, கோடு என்று நினைத்தது ஒல்லியான நிரப்பு வடிவமாக இருந்தாலோ, அந்தப் படத்தில் தடிமனை மாற்றுவதுகூடப் பெரும்பாடு. ரெண்டர் செய்த படத்தை டிரேஸ் செய்து வெக்டராக்கும் வழி இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடும். அதை விட்டுவிடலாம்.

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில், மாடலைக் கோடுகளாக வரையும் ஃப்ரீஸ்டைல் 2.67 பதிப்பிலிருந்தே (2013) இருக்கிறது. அதற்கான எஸ்விஜி ஏற்றுமதி ஆட்-ஆனை 4.2 முதல் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். எல்லாக் கோட்டையும் ஒரே லைன் செட்டில் (கோட்டுத் தொகுப்பில்) போடுவதுதான் இங்கே பலரும் செய்கிற தவறு. புறவரைக்கு ஒன்று, உள்விளிம்புக்கு ஒன்று, மறைகோட்டுக்கு ஒன்று என மூன்று செட் போடுங்கள். எஸ்விஜியில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழுவாக வந்து உட்காரும். பிறகு புறவரையை மட்டும் தடிமனாக்குவது ஒரே சொடுக்கு வேலை. வண்ணப் படம் தேவையில்லை என்பதால் ரெண்டர் சாம்பிளை 1 என வைத்தால் போதும், நேரம் மிச்சம்.

அளவு சரியாக வர வேண்டுமானால் கேமரா ஆர்த்தோகிராஃபிக்காக (தூரம் கூடினாலும் அளவு சுருங்காததாக) இருக்க வேண்டும். எஸ்விஜி பிக்சல் கணக்கில் எழுதப்படுகிறது, இங்க்ஸ்கேப்போ 96 பிக்சலை ஓர் அங்குலமாக எடுத்துக்கொள்கிறது. அகலம் 1920 பிக்சல் என்றால் 20 அங்குலம், அதாவது சரியாக 508 மி.மீ. எனவே ஆர்த்தோகிராஃபிக் ஸ்கேலை 0.508 (மீட்டர்) என்று கொடுத்தால் 1:1 அளவில் படம் வரும். 1.016 என்றால் 1:2. ரெசல்யூஷன் சதவீதம் 100இலிருந்து நகரக் கூடாது. கோட்டுத் தடிமனுக்கும் இதே கணக்குதான்: 0.5 மி.மீ. கோட்டுக்குச் சுமார் 1.9 பிக்சல். இயல்பாக இருக்கும் 3 பிக்சல் தொழில்நுட்பப் படத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

அதிகம் குழப்புவது கிரீஸ் கோணம். இரண்டு முகங்களுக்கு இடையிலான கோணம் இந்த வரம்பைவிடக் குறைந்தால்தான் விளிம்பு கோடாக வரும். ஃப்ரீஸ்டைலில் இயல்பு மதிப்பு 134.43 பாகை. 45 பாகையில் சீவிய விளிம்பில் முகங்களுக்கு இடையே 135 பாகை. அரைப் பாகை வித்தியாசத்தில் சீவலின் கோடுகள் மொத்தமும் காணாமல் போகின்றன! அறுகோண நட்டில் கோணம் 120 என்பதால் கோடுகள் ஒழுங்காக வந்துவிடும். அதனால் கோளாறு எங்கே என்று பிடிபடுவதில்லை. வரம்பை 150க்கு ஏற்றினால் சரியாகும். 32 பக்க உருளையில் அடுத்தடுத்த முகங்களின் கோணம் 168.75, ஆகவே உருளையில் தேவையற்ற செங்குத்துக் கோடுகள் எழும் என்ற பயம் வேண்டாம்.

பிளெண்டரின் இன்னொரு கோட்டுக் கருவியாக 2.93இல் (2021) வந்த லைன் ஆர்ட்டில் இயல்பு வரம்பு 140. அதே சீவல் அங்கே தானாகவே தெரியும். ஒரே மாடல் இரண்டு கருவியில் இரண்டு விதமாக வருவதற்கு இது ஒரு காரணம். ஸ்மூத் ஷேடிங் போட்ட பரப்பில் மட்டும் ‘கிரீஸ் ஆன் ஸ்மூத்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். லைன் ஆர்ட்டின் பெரிய வசதி, கேமராவைத் திருப்பும்போதே கோடுகள் மாறுவது. கனமான மாடலில் அதுவே சுமையாகிவிடும், பேக் செய்துவிட்டு (கோடுகளை நிலையாகப் பதித்துவிட்டு) வேலையைத் தொடர்வது நல்லது. ஏற்றுமதியில் ‘நார்மலைஸ்’ தேர்வை விட்டுவிடாதீர்கள். விட்டால் முதலில் சொன்ன ஒல்லியான நிரப்பு வடிவங்கள்தான் கிடைக்கும்.

இரண்டிலுமே வளைவு குட்டிக்குட்டி நேர்கோடுகளாகத்தான் வரும், உண்மையான வளைவாக அல்ல. பாத்தின் புள்ளிகளைக் குறைக்கும் இங்க்ஸ்கேப்பின் சிம்ப்ளிஃபை (கன்ட்ரோல்+எல்) உதவும், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அழுத்தக் கூடாது. எவ்வளவு எளிதாக்குவது என்பதைத் தேர்வின் மொத்த அளவை வைத்தே அது கணக்கிடுகிறது. பெரிய உறையோடு சேர்ந்து போகும் சின்ன திருகுத்தலை நசுங்கிய உருண்டையாகிவிடும். சின்னப் பாகங்களைத் தனியாக எடுங்கள். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் விளைவு கடுமையாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கோடு நடுவில் அறுந்தால் எஸ்விஜியில் ஒட்டுப்போடாமல் மாடலுக்கே திரும்புங்கள். ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தால் மூடிய பரப்பும் திறந்த ஓரமாகக் கணக்காகி, இல்லாத கோடு முளைக்கும். அருகருகே உள்ள புள்ளிகளை இணைக்கும் மெர்ஜ் பை டிஸ்டன்ஸ் அதைத் தீர்க்கும். நார்மல் (முகம் பார்க்கும் திசை) தலைகீழாகத் திரும்பியிருந்தால் ஷிஃப்ட்+என்.

எந்திரப் பாகங்களுக்கு என் தேர்வு ஃப்ரீகேட் என்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருளின் டெக்டிராதான். அங்கே திட வடிவத்திலிருந்தே கோடு கணக்கிடப்படுவதால், டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாக எடுத்தால் நேரே தெரியும் துளை வட்டமாகவே வரும், ஆரமும் கையில் கிடைக்கும். பக்கம் மி.மீ. கணக்கில் இருப்பதால் பிக்சல் கணக்கு தேவைப்படாது. ஃபில்லெட்டின் (உருட்டிய விளிம்பின்) தொடுகோடுகள் படத்தை நிரப்பினால் ‘ஸ்மூத் விசிபிள்’ தேர்வை எடுத்துவிடுங்கள். முக்கோணங்களால் ஆன எஸ்டிஎல் கோப்பைத் திட வடிவமாக மாற்றிக் கொண்டுவருவதில் மட்டும் பலனில்லை. ரிஃபைன் கட்டளை ஒரே தளத்திலுள்ள முக்கோணங்களை இணைக்கும், வளைந்த பரப்பிலுள்ளவை அப்படியே நிற்கும், அவற்றின் விளிம்புகள் எல்லாம் படத்தில் வலைபோல விழும். திட வடிவத்தையே வைத்திருக்கும் ஸ்டெப் கோப்பு கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த எஸ்டிஎல் பிளெண்டருக்குத்தான் போக வேண்டும்.