சேர்ச்சில் சுருட்டு எண்டு சொல்லி 48,500 ரூபாவை விழுங்கிப்போட்டாங்கள், கவனம்!

முந்தநாள் பின்னேரம் பார்சல் வந்தது. இன்னும் கை நடுங்குது. வெளிநாட்டுச் சுருட்டு வாங்கிற யோசனை இருக்கிற ஆக்கள் இதை வாசியுங்கோ. என்னென்ன பாத்து வாங்கோணும் எண்டு கடைசியில விவரமாச் சொல்லுறன்.

மாமாவுக்கு வாற கிழமை 70 வயசு. தெற்கில சுருட்டுக் கடை வைச்சிருந்த மனுசன். கோடா (புகையிலையைப் பதப்படுத்திற பாணி) போட்ட எங்கட சுருட்டின்ர வாசத்தைப் பற்றி இண்டைக்கும் கதைப்பார். "அந்த நீட்டுச் சுருட்டு ஒண்டு பிடிச்சுப் பாக்கோணும்" எண்டு கன காலமா ஒரு ஆசை. அதுக்காகத்தான் இணையத்தில சுருட்டு விக்கிற ஒரு பக்கத்தைப் பிடிச்சன். டொமினிக்கன் சுருட்டு, சேர்ச்சில் எண்ட நீட்டு அளவு, பெட்டிக்கு 10. விலை 48,500 ரூபா.

எங்கட சுருட்டைக் கட்டாத்தான் வாங்கிறம், அதில அளவு கேக்கிற பழக்கம் எனக்கில்ல. எண்டாலும் போன் எடுத்துக் கேட்டன், "தம்பி, 7 அங்குலம் வருமோ?" "ஓம் அண்ணை, சேர்ச்சில் எண்டா 7தானே. நானும் யாழ்ப்பாணம்தான். என்ர அப்பப்பாவும் சுருட்டுக் கொட்டில் வைச்சிருந்தவர். மாமாவுக்கெண்டபடியா நானே பாத்து எடுத்து வைக்கிறன்" எண்டான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அண்டைக்கே முழுக் காசையும் வங்கியில போட்டன். அளவை எழுத்தில தா எண்டு கேக்கேல்ல.

பெட்டியைத் திறந்தா எல்லாம் கட்டைச் சுருட்டு. அடிமட்டம் வைச்சன்: 5 அங்குலமும் ஒரு நூலும் (எட்டிலொரு அங்குலம்). சிநேகிதன்ர கராச்சுக்குக் கொண்டுபோய் வேர்னியர் அளவுகோல் வைச்சுப் பாத்தம், தடிப்பு 16.7 மில்லிமீற்றர். சுருட்டின்ர மொத்தத்தை, அதாவது தடிப்பை, 'ரிங்' கணக்கில சொல்லுறவை; ஒரு அங்குலத்தை 64ஆப் பிரிச்சு அதில எத்தினை பங்கு எண்டது. 16.7 எண்டா 42. சேர்ச்சில் எண்டா 7 அங்குல நீளம், 47 அல்லது 48 ரிங், கிட்டத்தட்ட முக்கால் அங்குல மொத்தம். எனக்கு வந்தது பெற்றி கொரோனா எண்ட கட்டை அளவு. பெட்டியில ஒட்டியிருந்த 'சேர்ச்சில்' ஸ்ரிக்கரை நகத்தால உரிச்சன். கீழ அச்சில 'பெற்றி கொரோனா' எண்டே கிடக்கு!

உடனே அவனுக்குப் போன் எடுத்தன். "அண்ணை, அது பேர்தானே, கொம்பனிக்குக் கொம்பனி அளவு மாறும்." அதில கொஞ்சம் உண்மை இருக்கு, ஒரே பேரில கொஞ்சம் கூடக் குறைய வரும். ஆனா 2 அங்குலம் எங்க போனது? ஸ்ரிக்கர் படத்தை அனுப்பினன். "பெட்டி திறந்தா திருப்பி எடுக்கிறேல்ல." திறக்காமல் எப்பிடி அளக்கிறது? பிறகு "மனேஜரோட கதையுங்கோ, அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார்." நேற்று இரவில இருந்து போனும் எடுக்கிறானில்ல, மெசேஜைப் பாத்திட்டுப் பேசாமல் இருக்கிறான். அண்ணை அண்ணை எண்டு கூப்பிட்ட வாய்தான். 48,500 ரூபா, என்ர ஒரு மாசச் சம்பளத்தில பாதிக்கு மேல!

சுருட்டும் காய்ஞ்சுபோச்சு. 65 தொடக்கம் 70 வீத ஈரப்பதத்தில வைச்சிருக்க வேண்டிய சாமானை வெறும் பொலித்தீனில சுத்தி அனுப்பியிருக்கிறான். விரலுக்கிடையில உருட்ட மேல் இலை வெடிக்குது.

சொல்லுறன் எண்டதைச் சுருக்கமாச் சொல்லுறன், இப்ப இருந்து எழுத மனமில்ல. பேரை நம்பாதேங்கோ, நீளம், ரிங் ரெண்டையும் எழுத்தில வாங்குங்கோ. ரொபஸ்ரோ எண்டா 5 அங்குலம், 50 ரிங், கட்டையும் மொத்தமும். ரொர்ப்பீடோ எண்டா தலை கூர், அதின்ர மொத்தத்தை நடுவில அளக்கோணும். அடிமட்டத்துக்குப் பக்கத்தில வைச்சுப் படம் கேளுங்கோ. சாமான் கைக்கு வராமல் காசு போடாதேங்கோ, ஊர்க்காரன் எண்டாலும்.

நாளைக்குக் காலமை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 எண்ட நம்பருக்குப் போன் அடிக்கப்போறன். வங்கிச் சிட்டையும் உரிச்ச ஸ்ரிக்கரும் என்னட்ட இருக்கு.