வீடு தேடி வந்து தண்ணீரைச் சோதித்துக் காட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

நேற்று மாலை எதிர்வீட்டுப் படியில் ஓர் இளைஞர் சிறிய கறுப்புப் பெட்டியோடு இறங்கிப் போவதைப் பார்த்தேன். அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற பெட்டி எங்கள் வீட்டு மேஜைமேல் திறக்கப்பட்டது. அன்று ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போட்ட கையெழுத்துக்குப் போன மாதம் வரை தவணை கட்டினேன். படித்தவர் இப்படியா ஏமாறுவது என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது கூச்சம் போய் எரிச்சல்தான் மிச்சம் இருக்கிறது.

"இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை" என்று சொல்லித்தான் உள்ளே வந்தார்கள். இரண்டு பேர், கழுத்தில் அடையாள அட்டை. விற்பனை என்ற சொல்லே அவர்கள் வாயில் வரவில்லை. அட்டையைப் பார்த்து ஏதோ அரசு ஆட்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எந்த அலுவலகம் என்று கேட்கவும் தோன்றவில்லை.

மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். முதலில் ஒருவர், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் பேனா போன்ற ஒரு டி.டி.எஸ். மீட்டரை நனைத்தார். எங்கள் தம்ளரில் 186, அவர்கள் தம்ளரில் 14. பிறகு பெட்டியிலிருந்து நான்கு கம்பிகள் கொண்ட கருவி ஒன்றை எடுத்து, தம்ளருக்கு இரண்டு கம்பிகளாக இறக்கி, பிளக்கைச் சொருகினார்.

அரை நிமிடம் ஆகியிருக்காது. எங்கள் தம்ளரில் கம்பியைச் சுற்றி லேசான பச்சை படர்ந்தது. அது பழுப்பாயிற்று. பிறகு துரு நிறத்தில் நுரையும் திப்பிகளுமாகச் சுழன்று மேலே வந்தன. சாக்கடையில் மொண்ட தண்ணீர் போல ஆகிவிட்டது. பக்கத்துத் தம்ளர் அப்படியே பளிச்சென்று இருந்தது. அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் அவருடைய உண்மையான தொழில் திறமை என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த ஆள் மெல்லிய குரலில் கேட்டார்: "வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்திருக்கிறதா?"

அப்பாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் கல் எடுத்திருந்தது. அதன் பிறகு அந்த ஆள் எதையும் விற்க வேண்டியிருக்கவில்லை. நாங்களே விலை கேட்டோம்.

விலையைச் சொன்ன விதத்தையும் கவனியுங்கள். மொத்தத் தொகை கடைசி வரை வரவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று பிரித்துச் சொன்னார். வட்டியில்லாத் தவணை என்றார். அன்றே பொருத்தினால்தான் தள்ளுபடி என்றார். ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் விலைக்கும் தவணைக்காரர் கட்டும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி என்பது, தவணை அட்டவணையைக் கூட்டிப் பார்த்த இரவில்தான் எனக்கு உறைத்தது. பரிசீலனைக் கட்டணம் என்று ஒரு வரி வேறு இருந்தது. மதியத்துக்குள் சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டு இயந்திரத்தை மாட்டிவிட்டார்கள். அந்த வேகம் எங்கள் வசதிக்காக இல்லை. முத்திரையைப் பிரித்து மாட்டிய பொருளைத் திருப்பித் தருவது கடினம் என்பதற்காக.

ஏமாந்தது தெரிந்தது ஏழு மாதம் கழித்து, வேதியியல் படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான். நான் பெருமையாக அந்தத் தம்ளர் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "மாமா, அந்தக் கம்பியில் ஒன்று இரும்புதானே?" என்றாள்.

மறுநாள் பன்னிரண்டு வோல்ட் நேர்மின்சாரம் தரும் அடாப்டரும் இரண்டு இரும்பு ஆணிகளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் இயந்திரத்திலிருந்தே பிடித்த சுத்தமான நீர். ஆணிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினாள். சில நிமிடங்களில் அதே பச்சை, அதே பழுப்பு, அதே திப்பி. அடுத்து வேறொரு தம்ளரில் குழாய்த் தண்ணீரை எடுத்து, ஆணிகளுக்குப் பதில் பென்சிலின் கரிக்குச்சிகளை இறக்கினாள். குமிழ்கள் வந்தன. நிறம் மாறவே இல்லை.

விஷயம் இதுதான். நேர்முனையில் இருக்கும் இரும்பு மின்சாரம் பாயும்போது கரைகிறது. எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழ்களோடு உருவாகும் ஹைட்ராக்சைடோடு அது சேர்ந்து முதலில் பச்சையாகவும், ஆக்சிஜன் பட்டதும் துருவாகவும் படிகிறது. தம்ளரில் கலங்கியது எங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவர்கள் கம்பி. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் பாய்ந்தால் சுமார் 17 மில்லிகிராம் இரும்பு கரையும் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஃபாரடே என்ற விஞ்ஞானி 1830களிலேயே வகுத்துவிட்ட விதி. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அதிகம் பாய வழியில்லை, அதனால் அவர்கள் தம்ளர் பளிச்சென்று இருந்தது. நல்ல கிணற்று நீரை வைத்திருந்தாலும் பழுப்பாகியிருக்கும்.

(வீட்டு மின்சாரத்தில் சொருகிய கம்பியைத் தண்ணீரில் இறக்கியபோது அப்பாவின் விரல் தம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

மீட்டர் விஷயமும் அப்படித்தான். அது தண்ணீரின் மின்கடத்துத் திறனை அளந்து, ஒரு பெருக்கு எண்ணால் மாற்றிக் காட்டுகிறது. அவ்வளவுதான். 14 காட்டிய தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்து நனைத்தோம். எண் ஏறக்குறைய அப்படியே நின்றது. சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. கிருமியும் அதன் கண்ணில் படாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆர்சனிக்குக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஈயத்துக்கும் அதேதான். அந்த மீட்டரின் மிகச் சிறிய படியே லிட்டருக்கு 1 மில்லிகிராம். நூறு மடங்கு சிறிய நஞ்சை அது எங்கே காட்டும்? கரைந்த உப்புகளின் அளவைப் பொறுத்தவரை, லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக நல்ல சுவை என்றும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காமல் போகும் என்றும்தான் அதே நிறுவனம் சொல்கிறது. அது சுவையைப் பற்றிய பேச்சு. எங்கள் 186க்கு நான் பயந்திருக்கவே வேண்டாம்.

எங்கள் இயந்திரத்தில் இருக்கும் ஆர்.ஓ. தொழில்நுட்பத்தையே, அதாவது தண்ணீரை ஒரு சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கும் முறையையே, பழிக்கவில்லை. 1950களின் இறுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லோப், சௌரிராஜன் என்ற இருவர் அதற்குப் பயன்படும்படியான சவ்வை உருவாக்கினார்கள். அவர்கள் நோக்கம் கடல்நீரைக் குடிநீராக்குவது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆர்சனிக், ஃபுளூரைடு, நைட்ரேட் மிகுந்த நிலத்தடி நீருக்கும் அது உதவும். எங்கள் வீட்டுக்கு அது தேவைதானா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி சேவை. மூன்றாம் மாதமே சிவப்பு விளக்கு எரிந்தது. வடிகட்டி மாற்ற வேண்டும் என்றார்கள். என் இயந்திரத்தில் அந்த விளக்குக்கும் வடிகட்டியின் நிலைக்கும் சம்பந்தமே இல்லை, உள்ளே ஒரு நேரக் கணக்கு ஓடுகிறது என்று பின்னால் வந்த பழுது பார்ப்பவர் ஒருவரே வாய் தவறிச் சொன்னார். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டினேன். அதற்குள் மெம்பிரேன் என்ற அந்தச் சவ்வு வராதாம், வடிகட்டிகள் வராதாம். "தேய்மானப் பொருட்கள் நீங்கலாக" என்று மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. பின் எதற்கு ஒப்பந்தம்? வந்து பார்த்துவிட்டு இவையெல்லாம் வராது என்று சொல்வதற்கு. மூன்று ஆண்டுகளில் இப்படிக் கொடுத்த தொகை இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிட்டது. போதாததற்கு ஒருநாள் கழிவுக் குழாயின் கீழ் வாளி வைத்து அளந்தேன்: ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்றரை லிட்டர் வெளியே போயிற்று.

அப்பாவின் கல்? மருத்துவர் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது வெளியேறும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்றார். அப்பாவோ, புதிய இயந்திரத்துத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று முன்னைவிடக் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஓர் ஆய்வகத்துக்குத் தண்ணீரைக் கொடுத்தேன். கட்டணம் ஒரு மாதத் தவணையில் பாதிகூட இல்லை. நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே தருகிறார்கள். சொந்தப் பாட்டிலில் கொண்டுபோகக் கூடாது. மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ. கோலை என்ற பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. குழாயில் நேரடியாகப் பிடித்த நீரில் இல்லை. எங்கள் மாடித் தொட்டியிலிருந்து வந்த நீரில் இருந்தது. ஆக எங்களுக்கு வேண்டியிருந்தது தொட்டியைக் கழுவிக் குளோரின் போடுவதும், அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும்தான். முடிவு கடின நீர் என்று வந்திருந்தால் அதற்கு வேறு கருவி. ஃபுளூரைடு என்று வந்திருந்தால் ஆர்.ஓ.வையே வாங்கியிருப்பேன், அதுவும் நாலு கடையில் விசாரித்து, ரொக்க விலையைக் கேட்டு, ஐந்தாண்டுக்கான வடிகட்டிச் செலவை எழுதி வாங்கிக்கொண்டு.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. வீட்டு வாசலில் நடந்த விற்பனையைச் சில நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாட்கள். அமெரிக்காவில் மூன்று வேலை நாட்கள். ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தைப் புரட்டுங்கள், உங்கள் ஊர்ச் சட்டத்தை விசாரியுங்கள். நான் புரட்டியபோது கெடு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

நேற்று இரவே எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் பொருத்துவதற்கு நாளை மறுநாள்தான் வருகிறார்களாம். இயந்திரம் பெட்டி பிரிக்காமல் வாசலில் இருக்கிறது. ரத்துக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். தேதியும் ஒப்பந்த எண்ணும் போட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். ஆட்கள் வந்தால் கதவைத் திறப்பதற்கு முன் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.