லேண்ட்லார்டா, சியர்ரா நெவாடாவா? பாட்டிலைக் கேட்டால் ஒன்று, பீப்பாயைக் கேட்டால் வேறொன்று

பேல் ஏல் என்ற பீர் வகையின் பிரியர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் காய்ச்சப்படும் டிமொதி டெய்லர் லேண்ட்லார்ட். இன்னொன்று கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரத்து சியர்ரா நெவாடா பேல் ஏல். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வாங்கிப் போவதென்றால் சியர்ரா நெவாடா. நல்ல பப்பில் பீப்பாயிலிருந்து இறைத்துத் தருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், லேண்ட்லார்ட்.

சியர்ரா நெவாடாவை ஊற்றியதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. செம்பு கலந்த பொன்னிறம், கெட்டியான வெண்நுரை, அந்த நுரையைத் தாண்டி வரும் மணம். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளினால் தெறிக்குமே, அதேதான். அதற்குப் பின்னால் பைன் மரப் பிசினின் வாசனை. வாயில் வைத்தால் கேரமல் மால்ட்டின் (முளைகட்டி வறுத்த பார்லி) இனிப்பு முன்னால் வந்து நிற்கும். விழுங்கிய பிறகுதான் கசப்பு ஏறும், ஏறினால் சட்டென்று இறங்காது. ஆல்கஹால் 5.6 சதவீதம், கசப்பைக் குறிக்கும் ஐபியூ அளவு 38. கசப்பு தூக்கலான ஐபிஏ வகை பீரின் இன்றைய ரசிகர்கள் இதை ‘சாது’ என்பார்கள். கென் கிராஸ்மன் ஒரு கூட்டாளியோடு நிறுவனத்தைத் தொடங்கியது 1979இல். பழைய பால் பண்ணைச் சாமான்களை வாங்கி, வெட்டி ஒட்டி ஆலையாக்கிக் காய்ச்சத் தொடங்கியது 1980இல். தண்ணீராய் ஓடும் லாகர் வகைதான் பீர் என்று அமெரிக்கா நம்பியிருந்த காலம் அது. அந்த நாக்குகளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மணத்துக்குக் காரணம் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் ஓரிகன் மாநிலத்தில் உருவாகி 1972இல் வெளியானது. இதை முதலில் கையிலெடுத்தவர் கிராஸ்மன் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இலேயே லிபர்ட்டி ஏலில் போட்டுவிட்டது. ஆனால் ஊர் ஊராகக் கொண்டு போய்ச் சேர்த்தது சியர்ரா நெவாடாதான். இன்றும் ஹாப்ஸை அரைத்து உருண்டையாக்காமல் முழுப் பூவாகப் போடுவதில் அவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

லேண்ட்லார்ட் இப்படி எட்டி வந்து கை கொடுக்காது. முகர்ந்தால் மெல்லிய ஆரஞ்சு மணம், கொஞ்சம் மண்வாசம், அவ்வளவுதான். இதன் பலம் மால்ட். கோல்டன் பிராமிஸ் என்கிற பார்லியைத்தான் இவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் கொண்டாடிய ரகம். பாரம்பரிய விதை என்று நினைத்துவிடாதீர்கள், காமா கதிர் பாய்ச்சி உண்டாக்கிய பயிர் இது! பிஸ்கட் சுவையும் இளம் டாஃபி இனிப்பும் நாக்கு முழுக்கப் பரவி, வறண்ட கசப்போடு முடியும். ஒரு வாய் குடித்துவிட்டு ‘ஆகா’ என்று யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். ஆனால் முக்கால் கிளாஸ் காலியான பிறகுதான் அடுத்ததைச் சொல்லிவிட்டோமே என்பது உறைக்கும். பீப்பாயில் 4.3 சதவீதம், பாட்டிலில் 4.1, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேச இந்த அளவு தோது. பாரம்பரிய பீருக்காகக் குரல் கொடுக்கும் கேம்ரா அமைப்பு தரும் ‘பிரிட்டனின் சிறந்த பீர்’ பட்டத்தை 1982, 1983, 1994, 1999 என நான்கு முறை வாங்கியிருக்கிறது.

இரண்டு கட்சிக்கும் சொல்ல எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. லேண்ட்லார்டில் போடும் ஸ்டிரியன் கோல்டிங்ஸ் ஸ்லோவீனியாவில் விளைவது. பெயரில்தான் கோல்டிங்ஸ், மரபணுப்படி அது ஃபகிள் என்ற இங்கிலாந்து ஹாப்ஸ். கேஸ்கேடின் வம்சத்தைத் தோண்டினாலும் அதே ஃபகிள்தான் வருகிறது, கூடவே செரெபிரியான்கா என்ற ரஷ்ய ரகமும். ஆக, இந்தப் பங்காளிச் சண்டை ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள் நடப்பது.

சரி, பாட்டிலில் ஏன் சியர்ரா நெவாடா? பாட்டிலுக்குள் அடைபட்டுக் கடல் தாண்டினாலும் அந்தப் பம்பளிமாஸ் மணம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஓரளவு என்பதைக் கவனியுங்கள். ஹாப்ஸ் மணம் மாதக்கணக்கில் கரைந்துகொண்டே போகும். பிறகு மிஞ்சுவது கேரமலும் ஈர அட்டை போன்ற ஒரு சுவையும்தான். அதனால் அடைத்த தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் குளிர்பெட்டியில் வைக்காமல் வெயில் விழும் ஜன்னலோரம் அடுக்கியிருந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் தொடாதீர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து நாற்றமடிக்கும். பாட்டில் லேண்ட்லார்டோ சுத்தமாக, ஒழுங்காக இருக்கும், குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அதுதான் குறையே.

பீப்பாய்க்கு வந்தால் கதை மாறிவிடும். பப்பின் நிலவறைக்கு வரும்போது பீப்பாயில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும். லேண்ட்லார்ட் துள்ளலான சரக்கு, அடங்கித் தெளிய விட்டுத் திறப்பதற்குப் பொறுமை வேண்டும். திறந்துவிட்டால் காற்று உள்ளே போகும், மூன்று நாளைக்குள் விற்றாக வேண்டும். 11 முதல் 13 டிகிரிக்குள் கிளாஸுக்கு வரும். ஐஸ் குளிரில் பீர் குடித்துப் பழகியவருக்கு முதல் வாயில் ‘சூடாக இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால் அந்தப் பதத்தில்தான் பிஸ்கட்டும் ஆரஞ்சும் வெளியே வரும். கேஸ் குறைவு என்பதால் வயிறு உப்பாது.

அதிலும் ஒரு உட்கட்சித் தகராறு இருக்கிறது. யார்க்‌ஷயரில் குழாய் நுனியில் பொடித்துளைகள் கொண்ட ஸ்பார்க்ளர் என்ற மூடியை மாட்டி இறைப்பார்கள், நுரை பாலாடை போல் நிற்கும். தெற்கே லண்டன் பக்கம் அது மணத்தைக் கொன்றுவிடும் என்று கழற்றி வைப்பார்கள். மணத்தை நம்பியிருக்கும் பீர் என்றால் லண்டன்காரர்கள் சொல்வது நியாயம். லேண்ட்லார்டுக்கு ஸ்பார்க்ளர்தான் அழகு என்பது என் கட்சி.

இரண்டும் கிடைக்காத ஊரில் ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் ஒரிஜினல் பேல் ஏல் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். அடிலெய்டில் 1862இலிருந்து காய்ச்சும் குடும்பத்தின் சரக்கு, 4.5 சதவீதம், பச்சை லேபிள். இங்கே ஹாப்ஸும் மால்ட்டும் முன்னால் வந்து நிற்காது, ஈஸ்டின் ராஜ்யம்: பேரிக்காய் வாசனை, கலங்கிய நிறம். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். அதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். திறப்பதற்கு முன் பாட்டிலை மேசையில் படுக்கவைத்து மெல்ல ஒரு முறை உருட்டி, அப்புறம் ஊற்றுங்கள். குலுக்கினால் பாதி பீர் மேசைக்குத்தான்.