ஓஃபர் ராணுவ நீதிமன்றத்தைப் பார்க்கக் கூட்டிப்போகும் ஒருநாள் பயணம்: என் அனுபவம்

2019 மார்ச்சில் புனிதப் பயணமாக ஜெருசலேம் போயிருந்தேன். எங்கள் குழு ஊர் திரும்பிய பிறகும் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினேன். மேற்குக் கரையில் பாலஸ்தீனப் பையன்களின் வழக்கு நடக்கும் இஸ்ரேல் ராணுவ நீதிமன்றத்துக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போகும் ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது என்று விடுதியில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட் நகலை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். காலையில் நீதிமன்றம், மதியம் ஒரு கிராமத்து வீட்டில் சாப்பாடு. அப்போது ஆளுக்கு 200 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்). நான் முப்பத்தோரு வருஷம் ஆண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவள். பதினைந்து வயதுப் பையன் எப்படி இருப்பான், எப்போது முரண்டு பிடிப்பான், எப்போது உடைந்து அழுவான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போனேன்.

காலைப் பகுதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேனில் போகும்போதே வழிகாட்டி அம்மா பொறுமையாக விளக்கினார். 1967-ல் மேற்குக் கரையை இஸ்ரேல் பிடித்ததிலிருந்து அங்குள்ள பாலஸ்தீனர்களுக்கு ராணுவச் சட்டம்தான். எதிர்க் குன்றில் இருக்கும் யூதக் குடியேற்றத்துப் பையன் அதே கல்லை எறிந்தால் அவனுக்குச் சாதாரண சிவில் நீதிமன்றம். பாலஸ்தீனப் பையனுக்குப் பன்னிரண்டு வயதானாலே ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாம். ஓடும் வண்டி மீது கல் எறிந்ததாகக் குற்றம் சாட்டினால், சட்டப் புத்தகத்தில் அதற்கு 20 வருஷம் வரை தண்டனை இருக்கிறது.

ராமல்லாவுக்குப் பக்கத்தில்தான் ஓஃபர். செல்போனை வேனிலேயே வைத்துவிட வேண்டும். சுழல் கதவுகளைத் தாண்டினால் கம்பிவேலி போட்ட முற்றம். அங்கேதான் குடும்பத்தார் காத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. காலை ஏழு மணிக்கு வந்தவர்கள் நண்பகலிலும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். (போகிறவர்கள் கனமான ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். மார்ச்சிலும் அந்த முற்றத்தில் குளிர் வாட்டுகிறது.)

நீதிமன்றம் என்றால் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை, வரிசையாகத் தகர அறைகள். நீதிபதி, வழக்கு நடத்துபவர், மொழிபெயர்ப்பவர் எல்லோரும் ராணுவ உடையில். நான்கு பையன்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பழுப்பு நிறச் சீருடை. கடைசிப் பையனுக்குக் கால்சட்டை பெரிதாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தான். அந்த மடிப்புக்குக் கீழே கால்விலங்கு. அவனுடைய அம்மா எனக்கு முன் பெஞ்சில் இருந்தார். பேசக் கூடாது என்பதால் விரல்களைக் குவித்து வாய்க்கு அருகே கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட்டியா என்று கேட்கிறார். அதற்கு எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் தலையாட்டினான். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

பெரும்பாலானவை பேரத்தில்தான் முடியுமாம். வழக்கை நடத்திப் பார்ப்போம் என்று நின்றால் அது முடிகிறவரை உள்ளேயே கிடக்க வேண்டும். செய்தேன் என்று ஒப்புக்கொண்டால் அதைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். செய்யாதவனும் ஒப்புக்கொள்வான்தானே?

அப்புறம் மதியம். சாப்பாடு அருமை, அந்த வீட்டுக்காரர்களின் அன்புக்கு விலையே கிடையாது. சாப்பிட்டதும் அந்த வீட்டுப் பையனை எங்கள் முன் உட்கார வைத்தார்கள். வயது பதினேழு. பதினைந்து வயதில் ராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி, அம்மாவையே போய் அவனை எழுப்பச் சொன்னார்களாம். பின்பக்கம் கையைச் சேர்த்து பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, கண்ணைக் கட்டி, ஜீப்பின் தரையில் படுக்க வைத்தார்கள். விடியும்வரை திறந்தவெளியில். பிறகு ஓர் அறை. அங்கே நல்ல அரபி பேசுகிற ஒருவர். தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டார். அப்பாவும் இல்லை, வக்கீலும் இல்லை. உன் நண்பர்கள் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள், கையெழுத்துப் போட்டால் அம்மாவிடம் அனுப்புகிறேன் என்றாராம். நீட்டிய தாள் ஹீப்ரு மொழியில் இருந்தது. அதில் தன்னால் படிக்க முடிந்தது தேதி மட்டும்தான் என்றான். நான்கு மாதம் உள்ளே இருந்தான், அபராதம் 2,000 ஷெக்கல். அன்றைக்குப் பைஜாமாவோடு இழுத்துப் போனார்கள் என்பதால் இன்னமும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டுதான் படுக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார்.

சிறுவர்களை இப்படி நடத்துவது பரவலாக, ஒரு முறையாகவே ஆகிவிட்டது என்று 2013-லேயே யுனிசெஃப் அறிக்கை சொல்லிவிட்டது. வழிகாட்டி அம்மா அதையும் வாசித்துக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். எங்களில் ஒருவர், நீ நிஜமாகவே கல் எறிந்தாயா என்று கேட்டார். இன்னொருவர், அடித்தார்களா, எங்கே அடித்தார்கள் என்று. அவன் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், ஒரே குரலில். மனப்பாடம் செய்த பதிலை நான் எத்தனையோ ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். இது அந்தக் குரல்தான்.

வாரத்துக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறான் என்று தனியாகக் கேட்டேன். இரண்டு தடவை என்றார் வழிகாட்டி. எனக்கு மனசு ஆறவில்லை. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், வெளியுலகத்துக்குத் தெரிய வேண்டும் என்கிறார்கள், சரி. ஆனால் ஒரு மூடிய அறையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நொந்த பிள்ளை. அவனை மறுபடியும் ஒரு அறையில், முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதா? அவன் ஒரு தடவை சொன்னதைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் போதும். இதை அவர்களிடம் நேரிலும் சொன்னேன், கடிதமாகவும் எழுதினேன். யோசிப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பயணம் இப்போதும் நடக்கிறது என்றால், காலைப் பகுதிக்காக நிச்சயம் போங்கள். மதியத்தில் அவனைப் போல ஒரு பையனை உட்கார வைத்தால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

நானும் ஒன்று கேட்டேன், ஒளிக்கவில்லை. எல்லோரும் முற்றத்துக்குப் போன பிறகு, என்ன படிக்கிறாய் தம்பி என்றேன். அவன் தங்கைதான் பாதி ஆங்கிலத்தில் சொன்னாள். சிறையில் ஒரு வருஷப் படிப்பு போய்விட்டது, இப்போது பதினொன்றாம் வகுப்பு, கணக்குத்தான் வரவில்லை. அவன் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தான். எழுத்தெல்லாம் அரபி. ஆனால் வட்டமும் வெளிப்புள்ளியிலிருந்து வரைந்த இரண்டு தொடுகோடுகளும் எங்கேயும் அதேதான். மையத்திலிருந்து தொடுபுள்ளிக்கு ஒரு கோடு போட்டுக் காட்டினேன். செங்கோணக் குறியை அவனே போட்டான். இரண்டாவதைச் சொல்லாமலே போட்டுவிட்டு, மூன்றாவது கணக்குக்குப் பக்கம் திருப்பினான். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், அதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.