‘வேர்க்கவே வேர்க்காது’ என்று சில்லர் விற்கிறார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஒரு கடை, மீன்தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரத்தை, சிபியுவின் சூட்டைத் தணிக்கக் குளிர்ந்த நீர் ஓடும்படி கேமிங் கம்ப்யூட்டரோடு இணைத்து நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறது. "தண்ணி 12 டிகிரியில ஓடும், ஆனா ஈரம் கோக்காது, நம்ம ஃபிட்டிங் அப்படி" என்பது விற்பனைப் பேச்சு. அப்படி விற்ற ஒரு மெஷின் முதல் மழைக்காலத்தையே தாண்டவில்லை. கழற்றிப் பார்த்தால் மதர்போர்டின் முதுகில், சிபியு உட்காரும் சாக்கெட்டுக்கு நேர் பின்னால், செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. கடையின் பதில்: "கஸ்டமர் ரூம்ல ஏசி போடல." விற்கும்போது ஏசி பற்றி ஒரு வார்த்தை இல்லை, பில்லிலும் இல்லை. திரவம் பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று போர்டு கம்பெனியும் கைவிரித்துவிட்டது.

காற்றில் உள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிப்புள்ளி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். யார் ஃபிட்டிங் செய்தாலும் இது மாறாது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குத்துமதிப்பான கணக்கு ஒன்று உண்டு: 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வருவதை அறை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். அறை 30 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் பனிப்புள்ளி 25. அடைமழை நாளில் 27 டிகிரி, 90 சதவீதம் என்றாலும் அதே 25 தான். ஏசி ஓடும் அறை 24 டிகிரி, 55 சதவீதம் என்றால் 15. ஆக, 12 டிகிரித் தண்ணீர் ஏசி அறையிலும் வேர்க்கத்தான் செய்யும். ஏசி போட்டிருந்தாலும் அந்த மெஷின் தப்பியிருக்காது.

தண்ணீர் பனிப்புள்ளிக்கு மேல் குறைந்தது 3 டிகிரியாவது இருக்க வேண்டும். ஏசி இல்லாத சென்னை அறையில் அது 28. சில்லர் இல்லாமல் நல்ல ரேடியேட்டர் மட்டும் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிடும் சாதாரண லூப்பிலேயே தண்ணீர் 35 முதல் 40-க்குள் நிற்கும். அந்தச் சில டிகிரிக்காக சில்லர் விலையும் கரண்ட் பில்லும் கொடுக்கலாமா என்பது உங்கள் விருப்பம். நேர்மையான கடைக்காரராக இருந்தால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்.

கடையில் காட்டும் வித்தை ஒன்று இருக்கிறது. மானிட்டரில் சிபியு 45 டிகிரி என்று காட்டி, "இவ்வளவு சூட்டுல எப்படி சார் வேர்க்கும்?" என்பார்கள். அந்த சென்சார் சிப்புக்குள்ளே இருக்கிறது. வேர்ப்பது சில்லரிலிருந்து வரும் டியூப், ஃபிட்டிங், சிபியு மேல் உட்காரும் உலோக பிளாக்கின் ஓரம். லோடு இல்லாத நேரத்தில் குளிர் சாக்கெட் பின்கள் வழியே போர்டின் முதுகுக்கும் இறங்கிவிடும். "டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தியிருக்கோம், கரண்ட் பாயாது" என்பதும் ஏமாற்று. கோக்கும் நீர் லூப்பிலிருந்து கசிவதல்ல, காற்றிலிருந்து வருவது. அது தூசியையும் சால்டரிங் ஃபிளக்ஸ் மிச்சத்தையும் கரைத்ததும் கரண்ட் கடத்தத் தொடங்கும். வோல்டேஜ் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே உலோக இழை வளர்ந்து ஷார்ட் ஆவது அப்படித்தான்.

அந்த மெஷினில் இன்சுலேஷன் என்ற பெயரில் இருந்தது பேக்கிங் ஸ்பாஞ்ச். அது தண்ணீரை உறிஞ்சிப் போர்டின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ஒன்றும் இல்லாததைவிட மோசம். கேபினட்டுக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் வேறு! விசிறிகள் வெளிக்காற்றை ஓயாமல் இழுக்கும் பெட்டியில் அவை என்ன செய்யும்? கன்ட்ரோலர், மலிவான டபிள்யூ1209 தெர்மோஸ்டாட். அதற்கு வெப்பநிலை மட்டும்தான் தெரியும், ஈரப்பதம் தெரியாது. ஈரப்பத சென்சார் வைத்தாலும் டிஎச்டி11 போதாது: 2 டிகிரியும் 5 சதவீதமும் பிசகலாம், பனிப்புள்ளிக் கணக்கு 3 டிகிரி தள்ளிப்போகும். எஸ்எச்டி31 வையுங்கள்.

பனிப்புள்ளிக்குக் கீழேதான் ஓட்டுவேன் என்றால், ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு நைட்ரைல் ரப்பர் போல மூடிய துளை கொண்ட ஃபோம் வேண்டும். சாக்கெட்டைச் சுற்றி கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டை ஈரத்திலிருந்து காக்கும் மெல்லிய பூச்சு) அடித்துக் காயவிட்டு, சாக்கெட் உள்ளே கரண்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் நிரப்பி, அதன் மேல் ஃபோமை அச்சாக வெட்டிப் பொருத்த வேண்டும். போர்டின் முதுகிலும், அங்கே கூலரைத் தாங்கும் பேக்பிளேட்டுக்கு அடியிலும் இதே வேலை. டியூப் முழுக்கச் சுற்றி இணைப்புகளை ஒட்ட வேண்டும். காற்று புகும் இடைவெளி ஒன்று இருந்தாலும் உள்ளே நீர் கோக்கும், கண்ணுக்கும் தெரியாது.

நம்ம ஊர் கரண்ட் கட்டையும் மறக்காதீர்கள். ஏசி நிற்கும், யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரும் பம்ப்பும் ஓடும். அறையில் ஈரம் ஏற ஏற, 18 டிகிரியில் பத்திரமாக இருந்த டியூப் வேர்க்கத் தொடங்கும். அணைக்கும்போதும் முதலில் சில்லர், தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் கம்ப்யூட்டர்.

கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு வைத்த பெல்டியர் கூலர் விற்பவர்களிடமும் கவனம். டிஇசி1-12706 என்ற 40 மில்லிமீட்டர் பெல்டியர் தகடு ஒன்று, இரு பக்கமும் ஒரே வெப்பத்தில் இருந்தாலே 50, 60 வாட் வெப்பத்தைத்தான் கடத்தும். 125 வாட் சிபியு லோடு ஏறினால் அது குளிர்விக்காது, தடுப்பாகத்தான் நிற்கும். சும்மா இருக்கும்போது மட்டும் ஜில்லென்று இறங்கி வேர்க்கும். 2020-இல் இன்டெல் கொண்டுவந்த கிரையோ தொழில்நுட்பம் உள்ள பெல்டியர் கூலர்கள் ஈரப்பதத்தைப் பார்த்து பனிப்புள்ளிக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளும். ஆனால் 2023-இல் இன்டெல் அதைக் கைவிட்டுவிட்டது. பழைய ஸ்டாக்கை "புதுசு" என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வேர்த்திருந்தால் "ஒருதடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்ற எண்ணமே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, இன்சுலேஷன் எல்லாவற்றையும் உரித்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மென்மையான பிரஷ் கொண்டு கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். அதற்கு முன் ஸ்பாஞ்ச், பச்சை பூத்த இடம், கன்ட்ரோலர் செட்டிங் மூன்றையும் போட்டோ எடுங்கள். "சர்வீஸுக்குக் கொடுங்க" என்று கடை கேட்டால், போட்டோவும் எழுத்துப்பூர்வ ரசீதும் இல்லாமல் கொடுக்காதீர்கள். அவர்கள் ஸ்பாஞ்சை மாற்றிவிட்டால் சாட்சி போச்சு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.